ஏமஸ் அளக்காத மூன்று பக்கங்கள்

நியூசிலாந்து போய் வந்தேன் என்றதும் எல்லாரும் ஆடுகளைப் பற்றித்தான் கேட்கிறார்கள். ஆறு வாரத்தில் நான் பார்த்த ஆடுகள் ஒன்பது. அவையும் மழைக்கு ஒரு மரத்தடியில் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றன. நான் அங்கே அதிகம் பார்த்தது அமெரிக்காவைத்தான். ஆக்லாந்தில், சான்ட்ரிங்ஹாம் பகுதியில், ஒரு சமையலறை மேஜைமேல் பார்த்த அமெரிக்கா அது. ஒஹாயோ ஆற்றங்கரையில் வெள்ளைக்காரர்கள் முதன்முதலாகக் குடியேறின காலத்து அமெரிக்கா.

என்னை நியூசிலாந்துக்கு வரவழைத்தது ஒரு வேலி. என் மகன் முரளி அங்கே கம்ப்யூட்டர் வேலையில் இருக்கிறான். மருமகள் வதனி யாழ்ப்பாணத்துப் பெண், ஆஸ்பத்திரியில் நர்ஸ். இருவரும் மார்ட்கேஜ் போட்டு ஒரு பழைய மரவீடு வாங்கினார்கள். வாங்கின மூன்றாம் மாதம் அடித்த காற்றில் பக்கத்து வீட்டுக்கும் இவர்களுக்கும் நடுவே இருந்த வேலி சாய்ந்துவிட்டது. புது வேலி போடுவதற்குமுன் எல்லை எது என்று பார்க்க முரளி நகர கவுன்சிலில் போய் வரைபடம் வாங்கினான். படம் பழையது, அளவெல்லாம் லிங்க் கணக்கில் இருந்தது. போன் செய்தான்.

"அப்பா, லிங்க்னா எத்தனை சென்டிமீட்டர்?"

முப்பத்துநாலு வருஷம் நில அளவைத் துறையில் சர்வேயராக இருந்தவனிடம் அவன் மகன் கேட்கிற கேள்வி. அறுபத்தாறு அடி இரும்புச் சங்கிலி, அதில் நூறு வளையம், ஒரு வளையம் ஒரு லிங்க். சுமாராக இருபது சென்டிமீட்டர் என்று சொல்லி போனை வைத்திருக்கலாம். மனைவி காலமாகி இரண்டு வருஷம் ஆகியிருந்தது, தஞ்சாவூரில் எனக்கு அவசர வேலை எதுவும் இல்லை. "நான் வந்து பாக்குறேன்" என்று சொல்லிவிட்டேன்.

வந்து இறங்கினது சனிக்கிழமை. திங்கட்கிழமை காலையில் டேப்பும் நூல்கண்டுமாகத் தோட்டத்தில் இறங்கினேன். செப்டம்பர் அங்கே வசந்த காலமாம். மழை பெய்தது, நின்றது, மறுபடி பெய்தது. நான் சேற்றில் முட்டி போட்டு, மண்ணுக்குள் புதைந்திருந்த எல்லை முளையைக் கரண்டியால் கிளறிக்கொண்டிருந்தபோது தலைக்குமேல் ஒரு பெண்குரல் கேட்டது.

"என் நிலத்தில் எதற்காகப் பிரார்த்தனை செய்கிறீர்கள்?"

பக்கத்து வீட்டு டோரதி. அறுபது தாண்டியவர், வெள்ளை முடி, ஆண்கள் போடுகிற ரப்பர் பூட்ஸ். எழுந்து நின்று வணக்கம் சொல்லி, விஷயத்தையும் சொன்னேன். பழைய வேலி பத்து அங்குலம் அவர் பக்கமாகப் போடப்பட்டிருக்கிறது. அந்தப் பத்து அங்குலம் அவருடையது.

பின்னால் முரளி நின்றிருந்தான். "அப்பா, அவங்க கேட்டாங்களா?" என்றான், தமிழில்.

டோரதி அந்தப் பத்து அங்குலத்தைப் பற்றிக் கவலைப்படவில்லை. படத்தைப் பார்த்தார். "இதில் லிங்க் என்று போட்டிருக்கிறதே, உங்களுக்கு இது படிக்கத் தெரியுமா?" என்று கேட்டார். தெரியும் என்றேன். பெயரைக் கேட்டார். ராமலிங்கம் என்றேன். "மிஸ்டர் லிங்கம்" என்று திருப்பிச் சொல்லிவிட்டுச் சற்று யோசித்தார். உத்தியோகத்தைப் பார்த்து வைத்த பெயர் என்று நினைத்துவிட்டார் போலிருக்கிறது. நான் திருத்தவில்லை.

செவ்வாய்க்கிழமை காபிக்குக் கூப்பிட்டார். மேஜைமேல் உள்ளங்கை அகலத்தில் தோல் அட்டை போட்ட ஒரு நோட்டுப் புத்தகம் இருந்தது. டோரதி அமெரிக்கர், நியூசிலாந்தில் வாத்தியார்களுக்குப் பஞ்சம் இருந்த காலத்தில் பள்ளிக்கூட வேலைக்கு வந்து, இங்கேயே கல்யாணம் செய்து, இங்கேயே விதவையாகி, இங்கேயே இருப்பவர். பிறந்தது ஒஹாயோ ஆற்றங்கரையில் ஒரு கவுண்டி. நம் கணக்கில் தாலுக்காவைவிடப் பெரியது, ஜில்லாவைவிடச் சின்னது. அந்தக் கவுண்டியை முதன்முதலில் அளந்தவர் அவருடைய முப்பாட்டன் ஏமஸ். அந்த ஏமஸின் களப்புத்தகம் அது. நின்ற இடத்திலேயே அளவைக் குறித்துக்கொள்கிற புத்தகம்.

கவுண்டிக்கு ஆண்டு விழா வருகிறது, மலர் போடுகிறார்கள், குடியேற்றத்தைப் பற்றின அத்தியாயத்தை டோரதி எழுத வேண்டும். மலர்க்குழுவின் தலைவர் அவருடைய சித்தப்பா மகன் வால்ட்டர். இன்னும் பத்து நாளில் போய்ச் சேர வேண்டும்.

"எனக்குக் கையெழுத்து புரிகிறது. விஷயம் புரியவில்லை" என்றார்.

எனக்கு விஷயம் புரிந்தது. கையெழுத்துதான் புழு நெளிகிற மாதிரி இருந்தது. ஆகவே அவர் வாசிக்க, நான் வரைவது என்று ஏற்பாடாயிற்று.

அப்படித்தான் அந்த ஊர் என் கண்முன்னால் உருவானது. பதினோரு குடும்பங்கள் தட்டைப் படகில் ஆற்றோடு வந்து ஒரு வளைவில் இறங்கின. திரும்பிப் போக உத்தேசம் இல்லாததால் படகை உடைத்து, அந்தப் பலகையிலேயே முதல் வீடுகளைக் கட்டின. மரங்களை வெட்ட நேரமில்லை, பட்டையைச் சுற்றி உரித்துவிட்டு, பட்டுப்போன மரங்களுக்கு நடுவிலேயே சோளம் போட்டார்கள். உப்புக்கு ஐந்து நாள் நடை. மாவு மில் வருகிறவரை ஒவ்வொரு வீட்டிலும் உரலில் இடித்தார்கள். சிறைச்சாலையைக் கட்டின பிறகுதான் பள்ளிக்கூடம் கட்டினார்கள்.

"அதில் அடைக்க ஆள் இருந்ததா?" என்றேன்.

"கட்டின கொத்தனாரைத்தான் முதலில் அடைத்தார்கள். திறப்பு விழா அன்று குடித்துவிட்டார்."

இரண்டாம் பக்கத்திலேயே ஒரு குறிப்பு இருந்தது. 'இந்தியர்களின் பழைய சோளக்கொல்லையின் ஓரமாகச் செல்லும் கோடு.' நான் நிமிர்ந்தேன்.

"உங்களவர்கள் இல்லை" என்றார் டோரதி.

"தெரியும். முதலில் குடியேறினவர்கள் பதினோரு குடும்பம் என்றீர்கள். அப்படியானால் இந்தச் சோளத்தை யார் போட்டது?"

"அதை முதல் பாராவில் எழுத வேண்டாம் என்று வால்ட்டர் சொல்லியிருக்கிறான்."

எத்தனையாவது பாராவில் எழுதலாம் என்று கேட்டேன். அதை வால்ட்டர் சொல்லவில்லையாம்.

மத்தியானம் சோள ரொட்டி கொடுத்தார். அவருடைய ஊர்ப் பலகாரம். வாயிலிருந்த ஈரத்தையெல்லாம் அது உறிஞ்சிக்கொண்டது. பதிலுக்கு அன்று மாலை வதனி இடியப்பமும் சொதியும் கொண்டுபோய்க் கொடுத்தாள். திரும்பி வந்து, "மாமா, அவ சொதியைக் கோப்பையில ஊத்திக் குடிச்சுப்போட்டு, இடியப்பத்தைப் பிறகு வெறுமனே சாப்பிடுறா. நான் ஒண்டும் சொல்லேல்ல" என்றாள். அந்தச் சோள ரொட்டியைச் சாப்பிட்டுப் பழகினவருக்கு வெறும் இடியப்பம் ஒரு பொருட்டில்லை என்று சமாதானம் சொன்னேன்.

புதன்கிழமை கட்டம் போட்ட தாள் வாங்க டவுனுக்குப் போகலாம் என்று பஸ் நிறுத்தத்தில் நின்றேன். மூன்று பஸ் நிற்காமல் போனது. மூன்றிலும் இடம் இருந்தது. நம் ஊரில் நிற்காத பஸ்ஸில் கால் வைக்க இடம் இருக்காது, அதில் ஒரு நியாயம் உண்டு. இது எனக்கு விளங்கவில்லை. நாலாவது பஸ் வந்தபோது, பக்கத்தில் நின்ற பெண் கையை நீட்டினாள், பஸ் நின்றது. கை காட்டினால்தான் நிறுத்துவார்களாம். ஓட்டுநர் என்னைப் பார்த்து, "போன நடையிலும் இங்கேதானே நின்றீர்கள்? வேடிக்கை பார்க்கிறீர்கள் என்று நினைத்தேன்" என்றார், மிக மரியாதையாக.

வியாழக்கிழமை கதை கவுண்டியின் தலைநகரத்துக்கு வந்து சேர்ந்தது. ஆற்றங்கரையில் இரண்டு படகுத்துறைகள். மேல்துறை ஹேல் என்கிற குடும்பத்தின் நிலத்தில், கீழ்த்துறை ஏமஸின் நிலத்தில். எந்தத் துறையில் நீதிமன்றம் வருகிறதோ அந்த ஊருக்குத்தான் எதிர்காலம். படகுப் போக்குவரத்து, சந்தை, சத்திரம் எல்லாம் அங்கே வந்துவிடும். ஏமஸின் அளவுப்படி, இரண்டு நிலத்துக்கும் நடுவே இருந்த நல்ல கரைமேடு கீழ்த்துறையோடு சேர்ந்தது. நீதிமன்றமும் அங்கே வந்தது. பிறகு நீராவிப் படகுகள், கிடங்குகள், செங்கல் வீடுகள், இரண்டு வங்கி. ஹேல் குடும்பம் மூன்று வருஷத்தில் எல்லாவற்றையும் விட்டுவிட்டு மேற்கே போய்விட்டது.

"அவர்கள் சோம்பேறிகள். குடிகாரர்கள். எங்கள் வீட்டில் ஒருவன் வேலை செய்யாமல் படுத்திருந்தால், ஹேல் மாதிரி படுத்திருக்கிறான் என்போம்" என்றார் டோரதி.

அந்தக் கரைமேட்டின் அளவுகள் மூன்று பக்கத்தில் இருந்தன. அவர் வாசித்தார். இருபது சங்கிலி. பத்துச் சங்கிலி. பதினைந்து சங்கிலி. மறுபடி இருபது.

நான் பென்சிலைக் கீழே வைத்தேன். முந்தின பக்கங்களை மறுபடி வாசிக்கச் சொன்னேன். பதினாலு சங்கிலி முப்பத்தேழு லிங்க். ஓடையைக் கடந்தது. எல்லைக்கு அடையாளமாகப் பதினாறு அங்குலப் பருமனில் புங்கு மாதிரி ஏதோ ஒரு மரம். சங்கிலி பிடிப்பவனுக்குக் காய்ச்சல். ஆறு சங்கிலி எண்பத்தொன்று. ஒரு பக்கத்தில் ஒரு கொசு நசுங்கி அப்படியே காய்ந்திருந்தது.

இந்த மூன்று பக்கத்தில் ஓடை இல்லை. மரம் இல்லை. கொசு இல்லை. ஒரு அடித்தல் திருத்தல் இல்லை. மூன்று பக்கமும் ஒரே தேதி.

"இதை அவர் அளக்கவில்லை. வீட்டில் உட்கார்ந்து எழுதியிருக்கிறார்" என்றேன்.

டோரதி கோபப்படவில்லை. காபிக் கோப்பைகளை எடுத்துப் போய்க் கழுவினார். ஏற்கனவே கழுவியிருந்த தட்டுகளையும் கழுவினார். பிறகு, "எப்படிச் சொல்கிறீர்கள்?" என்றார்.

"நிலம் முழு எண்ணில் முடியாது."

"இது போதாது. என் குடும்பத்தைப் பற்றி இவ்வளவு பெரிய விஷயத்தை ஒரு கொசு இல்லை என்பதற்காக எழுத முடியாது."

நியாயமான பேச்சு. அந்த மூன்று பக்கத்தின்படி, மார்ச் மாத மழையில், ஆற்றுச் சதுப்பில், ஏமஸ் ஒரே பகலில் மூன்று மைல் அளந்திருக்கிறார். மனிதனால் முடியுமா முடியாதா என்று நாமே அளந்து பார்ப்போம் என்றேன். சும்மா சொன்னதுதான். சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு ரப்பர் பூட்ஸோடு வாசலில் நின்றார்.

அவர் கார் என் மகனைவிட மூத்தது. அமெரிக்காவில் வலது பக்கம் ஓட்டிப் பழகினவர் என்பதால், இத்தனை வருஷத்துக்குப் பிறகும், முதலில் இடது கதவைத் திறந்து, ஸ்டியரிங் இல்லாததைப் பார்த்துவிட்டுச் சுற்றிக்கொண்டு வருகிறார். அதற்காக ஒரு விநாடி ஒதுக்கியே நடந்தார். தெற்கே போனோம். புக்கெகோஹி என்கிற ஊரில் ஒரே காய்கறித் தோட்டங்கள். பட்டுக்கோட்டைப் பக்கத்துச் செம்மண் மாதிரி மண், அதில் கோடு போட்ட மாதிரி வெங்காயம். ஊருக்குள் ஒரு பழைய சாமான் கடைச் சுவரில், மாலை போட்ட மாதிரி ஒரு இரும்புச் சங்கிலி தொங்கியது. 'ஏர்ச் சங்கிலி' என்று சீட்டு ஒட்டியிருந்தது. இறக்கச் சொல்லி வளையங்களை எண்ணினேன். தொண்ணூற்றெட்டு. கைப்பிடியில் தயாரித்த கம்பெனியின் முத்திரை. அளவைச் சங்கிலிதான், இரண்டு வளையம் குறைவு. கடைக்காரரிடம் கம்பி வாங்கி இரண்டு லிங்க் நீளத்துக்கு முறுக்கிச் சேர்த்துக்கொண்டேன். அவர் ஏர்ச் சங்கிலிக்கு எதற்கு இவ்வளவு நுணுக்கம் என்கிற மாதிரி பார்த்தார்.

வைகாட்டோ ஆறு கொள்ளிடத்தைவிடக் குறுகல். ஆனால் இரண்டு கரையும் தொட்டுத் தண்ணீர் போகிறது. அப்படித் தண்ணீர் போவதை நம் பக்கம் பார்த்தால் கலெக்டர் வந்து நிற்பார். கரையில் ஒரு முதியவர், அந்த மண்ணின் பூர்வகுடியான மவோரி இனத்தவர், நீர்விளிம்பில் வலையைப் போட்டுவிட்டு மடக்கு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். பெயர் ஹெமி. டோரதி விஷயத்தைச் சொல்லி, கரையில் நடந்து அளக்கலாமா என்று அனுமதி கேட்டார்.

ஹெமி சங்கிலியைப் பார்த்தார். "போன தடவை இதை எடுத்துக்கொண்டு வந்தவர்கள் திரும்பிப் போகவே இல்லை" என்றார்.

மாலைக்குள் போய்விடுவோம் என்று உறுதி சொன்னேன். சரி என்று தலையசைத்தார்.

டோரதி முன்முனை, நான் பின்முனை. முதல் சங்கிலிக்கே அவர் பூட்ஸ் ஒன்று சேற்றில் தங்கிவிட்டது. ஆளுயரக் கோரைக்குள் ஒருவரை ஒருவர் பார்க்க முடியவில்லை. நான் "இழுங்க" என்று தமிழில் கத்த, அவர் என்னவோ பதில் கத்த, இரண்டு பேருக்கும் நடுவே சங்கிலி புதரில் மாட்டும். வில்லோ மர வேர்களில் இரண்டு தரம் விழுந்தேன். இரண்டு மணி நேரத்தில் பதினோரு சங்கிலி அளந்தோம். ஒரு மைலுக்கு எண்பது சங்கிலி வேண்டும்.

கரையேறி உட்கார்ந்ததும் ஹெமி அன்று பிடித்த மீனைக் கொண்டுவந்தார். கண்ணாடி மாதிரி ஊடுருவித் தெரிகிற, நெத்திலியில் பாதிகூட இல்லாத மீன்கள். முட்டையில் அப்படியே கலந்து சின்ன அடுப்பில் ஆம்லெட்டாக ஊற்றி, ரொட்டிக்குள் வைத்துக் கொடுத்தார். மீன் எல்லாம் கண்ணோடு நம்மைப் பார்க்கிறது. பார்க்காமல் சாப்பிட்டேன், மிக நன்றாக இருந்தது.

டோரதி தாளில் கணக்குப் போட்டார். "மூன்று மைலுக்கு நாற்பத்துமூன்று மணி நேரத்துக்குமேல் ஆகும்."

"அவருக்கு வயது குறைவு, கூட ஆட்களும் உண்டு. பாதியாக்குங்கள்."

"இருபத்திரண்டு."

"மார்ச்சில் அங்கே எத்தனை மணிக்கு இருட்டும்?"

"ஆறரைக்கு" என்றார். தாளை மடித்துப் பைக்குள் வைத்தார்.

கிளம்பும்போது காரின் பின்சக்கரம் அச்சுவரை புதைந்துவிட்டது. ஹெமி தன் டிராக்டரை எடுத்துவரப் போனார், வீடு சற்றுத் தொலைவு. மழை பிடித்துக்கொண்டது. காருக்குள் உட்கார்ந்திருந்தோம்.

"ஒன்று கேட்கிறேன். அந்தப் பக்கத்தைப் பார்த்த உடனே பென்சிலைக் கீழே வைத்தீர்கள். யோசிக்கக்கூட இல்லை. எப்படி?" என்றார் டோரதி.

"நானும் அப்படி ஒரு பக்கம் எழுதியிருக்கிறேன்."

சொல்ல வேண்டும் என்று வந்தவன் இல்லை நான். என் மனைவிக்கே தெரியாத விஷயம். ஆனால் தொடங்கின பிறகு நிறுத்துவது சிரமமாக இருந்தது. எனக்கு இருபத்தெட்டு வயது. கொள்ளிடத்துப் படுகையில் ஒரு கிராமம், ஐப்பசி மழை, மாதக் கடைசி, மேலதிகாரி நெருக்குகிறார். மூன்று புலத்துக்குப் போகாமல் பயணியர் விடுதியில் உட்கார்ந்து அளவை எழுதிவிட்டேன். அதில் ஒன்று மாரியப்பன் என்பவருடைய வாழைத்தோட்டம். நான் எழுதின அளவைக் காட்டி, பக்கத்து நிலத்துக்காரர் எல்லைக்கல்லை நகர்த்தி நட்டுவிட்டார். ஆற்றோரத்து நல்ல துண்டு போய்விட்டது. மாரியப்பன் மனு கொடுத்தார். யார் அளந்தார்களோ அவர்களிடமே அந்த மனு அறிக்கைக்கு வரும். நேரில் சென்று மறுபடி அளந்ததில் சரியாக உள்ளது என்று எழுதினேன். அதற்கும் போகவில்லை.

"அவர் ஆபீசுக்கு வந்தார். 'ஐயா, நீங்க வரவே இல்லையே. அன்னிக்குப் பூரா நான் தோட்டத்துலதான இருந்தேன்' என்றார். நீ சாப்பிடப் போனபோது வந்தேன் என்றேன். 'நான் சாப்பிடப் போகலைங்களே' என்றார்."

கண்ணாடியில் மழை வழிந்தது. டோரதி வைப்பரைப் போடவில்லை.

"பிறகு?"

"குடும்பத்தோடு திருப்பூருக்குப் போய்விட்டதாகச் சொன்னார்கள்."

"ஏமஸ் இதை யாரிடமாவது சொல்லியிருப்பானா?" என்று டோரதி கேட்டார்.

"எனக்குத் தெரிந்து சர்வேயர்கள் சொல்வதில்லை."

"நீங்கள் சொன்னீர்களே."

"கார் புதைந்திருக்கிறது. வேறு வேலையும் இல்லை."

அவர் சிரிக்கவில்லை. என் கையை ஒருமுறை தட்டினார், பள்ளிக்கூடத்தில் தப்பாகக் கணக்குப் போட்ட பிள்ளையைத் தட்டுகிற மாதிரி. டிராக்டர் வருகிற சத்தம் கேட்டது.

ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் பக்கத்து வீட்டிலிருந்து டைப் அடிக்கிற சத்தம். திங்கட்கிழமை அத்தியாயத்தை அமெரிக்காவுக்கு ஃபாக்ஸில் அனுப்பினார். சோளக்கொல்லை முதல் பாராவில் இருந்தது. மூன்று பக்கமும் அளக்காமல் எழுதப்பட்டவை என்று ஒன்பதாம் பாராவில் இருந்தது. அதன் அடியில் சாட்சியாக நான் கையெழுத்துப் போட்டேன்.

புதன்கிழமை காலை வால்ட்டர் போனில் பேசினார். ஸ்பீக்கரில் போட்டுவிட்டு டோரதி எனக்கு நாற்காலியைக் காட்டினார்.

"டோரதி, ஹேல்கள் குடிகாரர்கள். ஊருக்கே தெரியும்" என்றது குரல்.

"குடிகாரன் நிலத்தையும் அளக்கத்தான் வேண்டும், வால்ட்டர்."

"கையெழுத்துப் போட்டிருக்கிற இந்த ஆள் யார்?"

"சர்வேயர். பக்கத்தில்தான் இருக்கிறார். காபி குடிக்கிறார்."

வால்ட்டர் குரலைத் தாழ்த்தினார். அத்தியாயம் அருமை, படகும் சிறைச்சாலையும் பிரமாதம், அந்த இரண்டு பாராவை மட்டும் எடுத்துவிடுகிறோம் என்றார். எடுத்தால் என் பெயரையும் எடுத்துவிடு என்றார் டோரதி. பாராக்களையும் எடுத்தார்கள், பெயரையும் எடுத்தார்கள். பின்னால் வந்த மலரில் அந்த அத்தியாயத்துக்கு மட்டும் எழுதியவர் பெயர் இல்லை என்று டோரதி எனக்குக் கடிதம் போட்டிருந்தார். முழுப் பிரதியைக் கவுண்டி நூலகத்துக்குத் தனியாக அனுப்பிவிட்டாராம். யாராவது கேட்டால் எடுத்துக் கொடுப்பார்கள். இதுவரை ஒருவர் கேட்டிருக்கிறார், ஆரிகன் மாநிலத்திலிருந்து. பெயர் ஹேல்.

அந்தப் புதன்கிழமை சாயங்காலம் நான் முரளியிடம் வெள்ளைத்தாள் கேட்டேன். எதற்கு என்றான். சொன்னேன். மாவட்ட நில அளவை அலுவலகத்துக்கு ஒரு கடிதம். இன்ன கிராமம், இன்ன புலம், அதை நான் அளக்கவில்லை.

முரளி எழுந்து நின்றுவிட்டான். "அப்பா, பென்ஷனை நிறுத்திட்டா? கேஸ் போட்டா? அந்த ஆளு உயிரோட இருக்காரான்னே தெரியாது. யாருக்கு என்ன பிரயோஜனம்?"

வதனி டியூட்டிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். ஷூ மாட்டினபடியே சொன்னாள்:

"மாமா எழுதட்டும், முரளி. நாங்கள் விட்டுட்டு வந்த காணியையும் இப்ப ஆரோ அளந்துதான் இருப்பினம். ஆரின்ர பேரில எண்டு எங்கட அப்பாவுக்குச் சாகுமட்டும் தெரியாது."

அவள் அதற்குமுன் அந்தக் காணியைப் பற்றி என்னிடம் பேசினதே இல்லை. முரளியிடமும் இல்லை போலிருக்கிறது. அவள் காரை எடுத்துக்கொண்டு போன பிறகு அவன் தாளும் பேனாவும் கொண்டுவந்து வைத்தான். எதிரே உட்கார்ந்து நான் எழுதி முடிக்கிறவரை இருந்தான்.

வேலியைச் சரியான கோட்டில் போட்டோம். அது முடிந்த மறுவாரம் ஊர் திரும்பினேன்.

அலுவலகத்திலிருந்து பதில் வர ஐந்து மாதம் ஆயிற்று. பென்ஷனைப் பற்றி அதில் ஒரு வார்த்தை இல்லை. மறு அளவைக்குத் தேதி குறித்து, என்னையும் வரச் சொல்லியிருந்தார்கள். கொள்ளிடக் கரையில் இறங்கினேன். மாரியப்பன் இறந்து நாலு வருஷம். அவர் மகள் செல்வி பனியன் கம்பெனியில் ஒரு நாள் லீவு போட்டு திருப்பூரிலிருந்து வந்திருந்தார். நாற்பது வயது இருக்கும்.

இப்போதைய சர்வேயர் பழைய படத்தை விரித்து, கோடு பிடித்து, மேடு தாண்டி நடந்துபோய் நின்றுவிட்டார். அந்தத் துண்டு இருக்க வேண்டிய இடத்தில் ஆறு ஓடிக்கொண்டிருந்தது. எந்த வருஷத்து வெள்ளத்தில் அரித்துப் போனதோ, யாருக்கும் தெரியவில்லை. பறித்துக்கொண்டவரிடமும் அது இல்லை.

"கல்லை எங்க சார் நடுறது?" என்று சர்வேயர் என்னைக் கேட்டார்.

நான் செல்வியிடம் போய், நான்தான் என்று சொன்னேன். திட்டுவார் என்று நின்றேன்.

"எங்கப்பா ரொம்ப நாள் இதையே சொல்லிக்கிட்டு இருந்தாரு. எங்க அம்மாவே நம்பல. சாப்பிடப் போயிருப்ப, மறந்திருப்பன்னு சொல்லும்" என்றார். பிறகு, "நிலம் வேணாம் சார். எங்கப்பா சொன்னது நெசம்னு ஒரு பேப்பர்ல எழுதிக் குடுங்க" என்றார்.

சர்வேயரின் பலகையை வாங்கி, மணலில் உட்கார்ந்து எழுதினேன். அன்று மாரியப்பன் தோட்டத்தில்தான் இருந்தார், சாப்பிடப் போகவில்லை, நான் வரவில்லை. கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். செல்வி எழுத்துக்கூட்டி முழுசாக வாசித்தார். வாசித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

"இனிஷியல் தப்பா இருக்கு சார். சி. மாரியப்பன்."

வேறொரு தாள் எடுத்தேன். இந்த முறை அவர் சொல்லச் சொல்ல எழுதினேன்.